ஏழாம் ஷெட்டின் செம்புத் தகடு

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது எனக்கு நடந்தது. இடம், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் அச்சங்குளம் விலக்கு. நேரம், உச்சி வெயில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவன் எங்கள் ஊர் மே மாதத்தைப் பார்த்ததில்லை.

அங்கே ஜெயபாண்டி முதலாளியின் பட்டாசு ஆலை இருந்தது. ஏழாம் ஷெட் வெடித்ததில் என் மனைவி யோகேஸ்வரி போனாள். வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் செருப்பையும் வளையலையும் கழற்றிவிட்டு, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உராய்வில் உடம்பில் ஏறிய மின்சாரம் கம்பி வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். அவள் தொடாமல் போனதால்தான் வெடித்தது என்று முதலாளி ஊர் முழுக்கச் சொன்னார்.

பிறகு ஆலையை மூடிவிட்டு, சென்னையில் நாற்பத்தோரு மாடிக்குச் சொகுசுக் குடியிருப்பு கட்டத் தொடங்கினார். இங்குள்ள பணக்காரர்களுக்குக் காட்ட, ஏழாம் ஷெட் இருந்த அதே மண்ணில் ஒரு மாதிரி வீடு எழுப்பினார். அதைச் சுற்றிக்காட்டும் வேலையை எனக்குக் கொடுத்தார், என் வாயை அடைக்க. நானும் போனேன். அந்த மண்ணில் வேறொருவன் நின்று சிரிப்பதை என்னால் பொறுக்க முடியாது.

முதலில் வந்தது அந்தக் கை. வாசலுக்கு வலப்பக்கச் சுவரில், மார்பு உயரத்தில், ஐந்து விரல். வெள்ளி நிறம். பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பொடி. துடைத்தேன். மறுநாளும் இருந்தது.

அப்புறம் செருப்புகள். வந்தவர்கள் எல்லாரும், சொல்லாமலே, வெளியில் கழற்றினார்கள். ஷூ போட்டவர்களும்.

சாத்தூர் ஜவுளிக்கடை ஆசியா பீவி வெறுங்கையோடு உள்ளே வந்தார்.

"வீடு பாக்க வந்தவுகள வளையலக் கழட்டச் சொல்றீக. நல்லா இருக்குய்யா ஒங்க சட்டம்!"

"யாரு அக்கா சொன்னது?"

"வாசல்ல நிக்கிற பிள்ளதான். சேலைக்கு மேல ஆம்பளச் சட்ட போட்டிருக்கே..."

"என்ன சட்டை?"

"நீலக் கட்டம். காலர் கிழிஞ்சது."

அது என் சட்டை. யோகேஸ்வரி வேலைக்குப் போட்டுப் போவது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசலில் வெயில் மட்டும் நின்றது.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். பகல் 12.40. ஷெட் வெடித்த அதே நேரம். செருப்போடு உள்ளே ஏறினார். சுவரைப் பார்த்தார்.

"என்னலே இது? தொடைக்க மாட்டியா?"

"தொடச்சாலும் வருது."

"ஒம் பொண்டாட்டி அன்னைக்கு ஒழுங்காத் தொட்டிருந்தா, நீ ஏம்லே இங்கன நிக்கப் போற?"

கையை ஓங்கினேன்.

டங்.

ஏசி நின்றது.

டங்... டங்...

தகட்டில் கை படும் சத்தம்.

அந்த வீட்டில் தகடே கிடையாது.

கந்தக வாடை...

முதலாளி ஓடினார். செருப்பு கிடந்தது.

சத்தம் வாசற்படியோரம், மண்ணுக்குள்ளிருந்து வந்தது. கடப்பாரையை எடுத்தேன். இரண்டடி ஆழத்தில், இடித்த சுவரோடு புதைந்து கிடந்தது பழைய தகடு. கை பட்டுப் பட்டு நடுவில் தேய்ந்திருந்தது. திருப்பினேன். நான் எலக்ட்ரிகல் படித்தவன். கம்பி மாட்டும் துளையில் திருகாணி ஏறிய தடமே இல்லை. அடைத்திருந்த பெயிண்ட்கூட உரியவில்லை.

அவள் தொட்டிருக்கிறாள். தினமும் தொட்டிருக்கிறாள். கம்பியே இல்லாத வெறும் தகட்டை.

அன்றே வேலையை விட்டேன். தகடு என்னிடம் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.

நேற்று விக்னேஷ்வரன் போனில் பேசினான். என்னோடு படித்தவன், சென்னைக் கட்டடத்தில் இன்ஜினியர். இதில் ஒரு வார்த்தையும் அவனுக்கு நான் சொன்னதில்லை.

"மாப்ள, நாப்பத்தோராவது மாடி... மொதலாளி தனக்குன்னு வச்சிருக்க வீடு. லிஃப்ட் இன்னும் ஓடல. மேல ஒருத்தரும் போகல. வாசச் சுவத்துல யாரோ வெள்ளிக் கைய வச்சிருக்காகடா."

தகட்டைக் கையில் எடுத்தேன்.

"தொட்டுப் பாத்தேன்... சுடுது. தொடைக்கச் சொல்லட்டா?"

"தொடைக்காத" என்றேன்.