ராசிபுரம் சத்திரத்தில் பத்தொன்பது படங்கள்

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, ஒரு மாசி மாதத்தில் ராசிபுரம் போனேன். சென்னையில் ஒரு கலை அறக்கட்டளை, வெளியூர் ஓவியர் ஒருவருக்கு மாதம் முப்பது ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை தருவதாக அறிவித்திருந்தது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விண்ணப்பித்தவர் தம் ஊரில் மூன்று நாள் கண்காட்சி வைக்க வேண்டும். மூன்றாம் நாள் அறக்கட்டளை உறுப்பினர் வந்து, ஊரார் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று பார்ப்பார். அந்த ஆண்டு கடைசிச் சுற்றுக்கு வந்தவர் ராசிபுரத்துச் சவரிமுத்து. பஸ்களுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பவர். அவரைப் பற்றி எழுதப் பத்திரிகை என்னை அனுப்பியது.

சென்னையிலிருந்து மூன்றாம் வகுப்பில் சேலம் ஜங்ஷனுக்கு மூன்று ரூபாய் பன்னிரண்டணா. விடியற்காலையில் அந்த ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலத்தில் இறங்கி, நாலணா கொடுத்து ஜட்கா வண்டியில் டவுனுக்குப் போனேன். அங்கிருந்து ராசிபுரம் பதினேழு மைல், பஸ்ஸுக்கு ஆறணா. என் காலடியில் யாரோ ஒருவருடைய காலி நெய் டின்கள் வழியெல்லாம் உருண்டுகொண்டிருந்தன. அந்த நெய் வாசனை இரண்டு நாள் என் வேட்டியை விட்டுப் போகவில்லை. இன்று அதை நினைத்தால் சுகமாகத்தான் இருக்கிறது.

கண்காட்சி ஒரு கல்யாணச் சத்திரத்தில் நடந்தது. நான் போனது இரண்டாம் நாள், காலை பத்தரை மணிக்கு. சுவரில் பத்தொன்பது படங்கள். பார்க்க ஒருவர்கூட இல்லை. முதல் நாளும் அப்படித்தானாம். அறக்கட்டளை கொடுத்த ஐம்பது ரூபாய் படங்களின் சட்டத்துக்கும் சத்திர வாடகைக்கும் நோட்டீசுக்கும் சரியாகப் போய்விட்டது.

"சந்தையில ஆயிரம் நோட்டீசு குடுத்தேனுங்க. எல்லாரும் வாங்கி மடிச்சு வெச்சுக்கிட்டாங்க" என்றார் சவரிமுத்து. மறுநாளும் இப்படியே இருந்தால் உதவித்தொகை இல்லை. அவருக்கு வயது இருபத்தெட்டு. முப்பதைத் தாண்டியவர்கள் விண்ணப்பிக்க முடியாது. அடுத்த தேர்வு மூன்று ஆண்டு கழித்துத்தான்.

சத்திரத்துக்கு எதிரே மாட்டுவண்டிக்கு அச்சு மாற்றிக்கொண்டிருந்த காளியண்ணன் என்ற விவசாயியிடம், நீங்கள் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன்.

"ஏனுங்க, கூப்பிடாத எடத்துக்கு எப்படிப் போறது?"

"நோட்டீஸ் கொடுத்தாரே?"

"நோட்டீசு ஊருக்குக் குடுத்ததுங்க. எனக்குச் சொல்லோணுமுன்னா ஊட்டுக்கு வந்து சொல்லோணுமில்லீங்க."

இதைச் சவரிமுத்துவிடம் சொன்னதும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கல்யாணத்துக்குன்னா எனக்குத் தெரியாதுங்களா? இதுக்கு நோட்டீசு போடுன்னு மெட்ராஸ்காரங்களே எழுதியிருந்தாங்க."

பிற்பகல் வெற்றிலை பாக்கு வாங்கித் தட்டில் வைத்து, இருவரும் வீடு வீடாகப் போனோம். பொழுது சாய்வதற்குள் நாற்பது வீடுகள். எல்லா வீட்டிலும் தட்டை மரியாதையாக வாங்கி, "வாரோமுங்க" என்றார்கள்.

சொன்னபடியே வந்தார்கள். மறுநாள் பத்து மணிக்குள் எண்பது பேருக்குக் குறையாது. சலவை வேட்டி, பட்டுச் சேலை. வெறுங்கையோடு யாரும் வரவில்லை. படி அரிசி, தேங்காய், வாழைத்தார், பூசணிக்காய். வந்தவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மாசி மாதத்தில் தாம்பூலம் வைத்துச் சத்திரத்துக்கு அழைத்தால் விருந்து என்றுதான் பொருள். எனக்கும் அது தோன்றவில்லை, சவரிமுத்துவுக்கும் தோன்றவில்லை. அடுப்பில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

உறுப்பினர் பதினொரு மணிக்கு வந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர். சுற்றிப் பார்த்துவிட்டு, "படங்கள் எங்கே?" என்றார். முன்னால் உட்கார்ந்திருந்தவர் தலையைச் சற்று நகர்த்திக் காட்டினார்.

"படம் பாத்தா பசி அடங்கீரும்னு நெனச்சானாட்டிருக்குது" என்றார் காளியண்ணன். சத்திரமே சிரித்தது. சவரிமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் காளியண்ணனே எழுந்தார். "அரிசி நாம கொண்டாந்தது கெடக்குது, அடுப்புக் கெடக்குது. பாத்துட்டே நின்னா எப்படி, சாமி? பாத்திரத்த எடு."

சோறு ஆக ஒன்றரை மணி நேரமாயிற்று. உட்கார்ந்து சலித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சுவரைப் பார்க்கத் தொடங்கினார்கள். எருதுகள் தோல் பறியால் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைப் படத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகம். காளியண்ணன் கரண்டியோடு வந்து நின்றார். "இந்த வடம் தாங்காது, சாமி. பறி நெறைய தண்ணி, கயிறு இத்தனூண்டு. அந்து மாட்டு மேல உழுகும்."

சவரிமுத்து நெருங்கிப் பார்த்தார். "ஆமாங்க. ஒரு புரி கூட்டோணும்" என்று தூரிகையை எடுத்து, எல்லோரும் பார்க்க அங்கேயே கூட்டினார். பிறகு ஆளுக்கு ஒரு குறை சொல்ல ஆரம்பித்தார்கள். இன்னொரு படத்தில் தறிக்குழியின் ஆழம் போதாது என்றார் ஒரு நெசவாளி. அதைச் சவரிமுத்து ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள்.

பேராசிரியர் காளியண்ணனிடம், "நீங்கள் சாப்பாட்டுக்குத்தானே வந்தீர்கள்?" என்று கேட்டார்.

"ஆமாங்க. கூப்பிட்டாங்க, வந்தோம். நீங்களும் உக்காருங்க. படம் எங்கயும் போயிராது."

அவர் உட்கார்ந்தார். பூசணிக்காய்க் குழம்பு இரண்டு முறை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்த பிறகும் கூட்டம் கலையவில்லை. மூன்றரை மணி பஸ்ஸை அவர் விட்டுவிட்டார். அறக்கட்டளைப் படிவத்தில் 'ஊரார் வரவேற்பு' என்ற கட்டத்தில் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தது நினைவிருக்கிறது. அடுத்த மாதம் சவரிமுத்துவுக்கு உதவித்தொகை உத்தரவு வந்தது.

பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சத்திரம் இப்போது நூல் கிடங்கு. அந்தப் பக்கம் கண்காட்சி வைக்க நினைக்கும் ஓவியர்களுக்குச் சில சொல்லலாம். மாசியில் போங்கள், சாலை காய்ந்திருக்கும், ஆட்களுக்கும் ஓய்வு இருக்கும். ராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்கும் பஸ் உண்டு. ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டால் மலைக்கோட்டையைப் பார்க்கலாம். நோட்டீசு நூறு போதும், மீதிக் காசுக்கு வெற்றிலை வாங்குங்கள். அந்த அறக்கட்டளை இன்றும் உதவித்தொகை தருகிறது. சவரிமுத்துவுக்கு அடுத்த தேர்விலிருந்து அதன் விண்ணப்பத்தில், சட்டம், வாடகை, நோட்டீசு ஆகியவற்றுக்குக் கீழே 'சமையல்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அதை நிரப்பாமல் விடாதீர்கள்.