சிவகாசி மைதானத்தில் ஒரு வெடிச் சத்தம்

காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரில் வேன் ஏறினோம். எங்களுடையது சிறிய இன்னிசைக் குழு, நான் தபலா. மதுரை தாண்டி, விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டு, மேலும் இருபத்தைந்து கிலோமீட்டர் போல ஓடிச் சிவகாசியை அடைந்தபோது மணி இரண்டு. வழி நெடுக வறண்ட காடு. நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு ஆலை அறைகள்.

மைதானம் ஒன்று, நிகழ்ச்சி இரண்டு. நாலு மணிக்குப் பெண்கள் கபடி இறுதிப் போட்டி, ஆறரைக்கு எங்கள் கச்சேரி. மேடை வேலையை முடித்துவிட்டு நானும் படிக்கட்டில் ஏறி ஆட்டம் பார்க்க உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்த அம்மாவின் பெயர் மாரியம்மாள். "அந்தா, ஏழாம் நம்பர் சட்ட போட்டவ என் மக செல்வி" என்றார்.

"அவங்க அப்பா வரலையா?"

"அவுகளுக்கு லீவு ஏது? நாரணாபுரத்துல பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருக்காக. தீவாளி சீசன்லா, ஆர்டர் அம்புட்டுக் கெடக்கு."

எதிரணி ஏழாயிரம்பண்ணை, அதுவும் பட்டாசு ஊர்தான். கடைசி நிமிடங்களில் இரண்டு அணியும் சமம். செல்வி பாடிப்போனாள். ஒருத்தியைத் தொடக் காலை நீட்டிய நொடியில் பெரிய வெடிச் சத்தம். படிக்கட்டே அதிர்ந்தது.

கொண்டாட்டம் என்று நினைத்து நான் கைதட்டினேன். என் கைதட்டல் மட்டும்தான் கேட்டது.

திரும்பினேன். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றிருந்தது. யாரும் அலறவில்லை. எல்லார் காதிலும் செல்போன். மாரியம்மாளும் கணவரை அழைத்துக்கொண்டிருந்தார். "எடுக்க மாட்டேங்காக... எடுக்க மாட்டேங்காக..."

கீழே செல்வியின் பாட்டு நின்றிருந்தது. அவளைச் சுற்றி நின்ற பெண்களும் மடக்கிப் பிடிக்கவில்லை. எல்லாரும் படிக்கட்டையே பார்த்தார்கள். அவரவர் அம்மா முகத்தை.

எங்கள் ஒலிபெருக்கியில் விழாக்காரர் ஒருவரின் குரல் கரகரத்தது. "பயப்படாதீக! ராத்திரி வாணவேடிக்கைக்கு மேடைக்குப் பின்னாடி நாங்கதான் ஒரு வெடி போட்டுப் பாத்தோம்!"

யாரும் உட்காரவில்லை. மாரியம்மாள் மறுபடி அழைத்தார். இந்த முறை கணவர் எடுத்தார். "எங்கன இருக்கீக? ...ஒண்ணுமில்ல. சும்மாதான். சாப்பிட்டீகளா?" பேசிக்கொண்டே மகளை நோக்கிக் கையை உயர்த்தினார். செல்வி அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பாட்டு நின்றால் அவுட். நடுவர் விசிலை வாயில் வைத்தபோது ஏழாயிரம்பண்ணைத் தலைவி குறுக்கே வந்தாள். "இத அவுட்டுன்னு சொல்லாதீக சார். எங்களுக்குந்தான் உசுரு போயிட்டு. அவ மறுபடி பாடி வரட்டும்."

செல்வி மறுபடி போனாள். அந்தத் தலைவியே அவள் காலைப் பிடித்து அமுக்கினாள். ஒரு புள்ளியில் ஏழாயிரம்பண்ணை ஜெயித்தது. இரண்டு ஊர்க் கூட்டமும் சேர்ந்து விசிலடித்தது.

கச்சேரியில் வாணவேடிக்கை வேண்டாம் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். அதற்குக் கூட்டம் ஒப்பவில்லை. "போடுங்க! ஆனா சொல்லிட்டுப் போடுங்க!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். சொல்லிவிட்டே போட்டார்கள். வானம் பச்சையும் சிவப்புமாக விரிந்தது. "இது எங்க சரக்கு!" என்று மாரியம்மாள் கத்தியது மேடை வரை கேட்டது. ஒவ்வொரு வெடிக்கும் என் கை தாளம் தவறியது. அவர்கள் ஆடினார்கள்.

வேன் தஞ்சாவூருக்குத் திரும்பியது. எங்கள் ஊரில் வெடிச் சத்தம் கேட்டால், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்போம். எதிர்வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.