ஒன்பதாம் நம்பர் சேனல்

ஸ்ரீரங்கத்தில் அந்த லாட்ஜில் 106-க்கு அடுத்த அறை 108. நடுவில் ஒன்றைக் காணோம். 107-ஐக் கூட்டினால் எட்டு வருகிறதாம். ஓனருக்கு எட்டு ஆகாது. பதினெட்டாம் தேதி பிறந்தவர், ஒன்பதுதான் ராசி.

அப்போது நான் வைஃபை மாட்டும் வேலையில் பர்மனென்ட் ஆகவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். "எம்மவன் கம்பியே இல்லாம லைன் இழுக்கிறான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சீனியர் பரக்கத் அண்ணன் பைக்கை எடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "இந்த ஓனரு இன்னைக்கு ஓகே சொன்னா நீ பர்மனென்ட். இல்லேன்னா நம்ம பெட்டியெல்லாம் கழட்டிக் குடுத்துருவாரு, உன்னையும் சேத்து."

மாடிக்கு ஒன்றாக மூன்று ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை பெட்டி. லாகின் செய்து ரேடியோ செட்டிங்கைத் திறந்தேன். மூன்றும் 9-ஆம் சேனல். மூன்றிலும் பவர் ஹை. ஒரே தெருவில் மூன்று கல்யாண மேளம் மாதிரி; சத்தத்துக்குக் குறைவில்லை, யார் வாசிப்பும் காதில் விழாது.

ரிசப்ஷனில், அங்கே தங்கியிருந்த ஒரு மாமி போனை நீட்டினார். "பாருங்கோ, அமெரிக்காலேர்ந்து பொண்ணு வீடியோல பேசறா. முகம் மூக்கு வரைக்கும் வந்து நின்னுடுத்து."

ஓனரிடம் போனேன். "சார், மூணையும் ஒரே சேனல்ல வைக்கக் கூடாது. ஒண்ணு, ஆறு, பதினொண்ணு. இது மூணுதான் ஒண்ணோட ஒண்ணு மோதாது."

"ஒம்போதுன்னா ஒம்போதுதான் தம்பி. போன வாட்டி வந்தவரு எனக்குத் தெரியாம மாத்தினாரு. அன்னைக்கே மோட்டாரு பொகைஞ்சு போச்சு. இப்ப போன்ல ஆப்பு போட்டிருக்கேன், மாத்தினா காட்டிக்குடுத்துரும்."

"மோட்டாருக்கும் வைஃபைக்கும் என்ன சார்..."

"இதத்தான் அவரும் சொன்னாரு."

படியில் உட்கார்ந்து ஒன்று, ஆறு, பதினொன்று என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. திரும்ப ஓடினேன்.

"சார், கால்குலேட்டர் எடுங்க. கீழ ஒண்ணு, நடுவுல ஆறு, மேல பதினொண்ணு. கூட்டுங்க."

கூட்டினார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி கூட்டினார். "பதினெட்டு! ஒண்ணும் எட்டும்... ஒம்போது!" உடனே சந்தேகமும் வந்துவிட்டது. "இப்ப இருக்கிற மூணு ஒம்போதும் இருவத்தேழு. அதுவும் ஒம்போதுதானே?"

"ஆனா இருவத்தேழு நீங்க பொறந்த தேதி இல்லையே சார்."

அவர் கால்குலேட்டரை மேஜையில் வைத்தார். "மாத்துங்க தம்பி."

மாற்றினேன். பவரை மீடியத்துக்கு இறக்கினேன். அதை மட்டும் அவரிடம் குறைத்தேன் என்று சொல்லாமல், "பேலன்ஸ் பண்ணியிருக்கேன்" என்றேன். ரிசப்ஷனிலிருந்து மாமியின் குரல் வந்தது: "வாய் தெரியறது! ஆனா ஓய மாட்டேங்கறது."

நான் பர்மனென்ட் ஆனேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கஸ்டமரின் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அதற்காகத் தப்பான செட்டிங்கும் வைக்காதீர்கள். சரியான செட்டிங்கிலேயே அவருக்குப் பிடித்தது எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். "நாலாவது மாடி கட்டியாச்சு தம்பி. அதுக்கு எந்த சேனலு?"

ஒன்று, ஆறு, பதினொன்று. நாலாவதாக இதில் எதைச் சேர்த்தாலும் கூட்டுத்தொகை கெடும். "அங்க மட்டும் புது மாடல் போடுங்க சார். அதுல 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டு இருக்கு, தனி ரோடு மாதிரி, கீழ இருக்கிறதோட மோதாது. முப்பத்தாறாம் சேனல். மூணும் ஆறும்..."

"பெட்டிய எடுத்துட்டு வாங்க" என்று வைத்துவிட்டார்.