மேட்டு லயத்து ஜெபக் கூட்டம்

இப்போதெல்லாம் ஜெபம் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது. சிரம்பான் பக்கம் பாரோயில் எங்கள் சபைக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலும், யார் வீட்டிலாவது மனக்கஷ்டம் என்றாலும் காலையில் ஒரு வரி போட்டால் போதும், மதியத்துக்குள் கூப்பிய கைகள் வரிசை கட்டி நிற்கும். நானும் போடுவேன். குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே கட்டைவிரலால் ஒரு கும்பிடு. ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியம்தான்.

நான் சிறுமியாக இருந்தபோது ஜெபத்துக்கு நடந்து போக வேண்டும். புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஜெபக் கூட்டம் நடக்கும். முறை வந்த வீட்டார் கூடத்தில் பாய் விரித்து, ஒரு பானை கொண்டைக்கடலை அவித்துத் தாளித்து, வாளியில் சிவப்பாக சிராப் தண்ணீர் கலந்து வைப்பார்கள். கடலை மீந்தால், வராத வீடுகளுக்கெல்லாம் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஜெபம் பண்ணின கடலை வாசலுக்கு வந்தால் வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது, கை நீட்டி வாங்கி அங்கேயே ஒரு வாய் போட்டுக்கொள்ள வேண்டும். எழுதாத சட்டம் அது. எங்கள் லயத்து இந்துக் குடும்பங்கள்கூட அதை மீறியதில்லை.

எந்த வாரம் யார் வீட்டில் என்பது எனக்கு மனப்பாடம். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். எந்த வீட்டுக் கடலையில் தேங்காய் அதிகம், எந்த வீட்டில் உப்பு மறப்பார்கள் என்ற கணக்குதான் அது. எல்லாவற்றிலும் உசத்தி மேட்டு லயத்து அம்மாவின் கடலை. அவர் மேட்டில் கடைசி வீட்டில் இருந்த விதவை. புளிப்பு மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போடுவார்.

அந்த அம்மாவின் மகனுக்குத்தான் என் அத்தையைப் பேசி முடித்திருந்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். வேலைக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் வேலை. அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பாட ஆரம்பித்தால் பிள்ளை வாயைப் பிளந்து கேட்கும். எனக்குத் தலை சீவிவிடுவதும் அவள்தான். அம்மா சீவினால் வலிக்கும்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் பீடத்தில் நின்று எல்லார் காதும் கேட்க அறிவிப்பார். அத்தையின் பேர் மூன்று தடவையும் கணீரென்று கேட்டது. நான் பெருமையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சபையில் ஒருவரும் தடை சொல்லவில்லை. அடுத்த வாரம் தடை சொன்னது மாப்பிள்ளைதான். சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலையாக இருந்தவர், ஜொகூரில் தனக்கு ஏற்கெனவே குடும்பம் இருப்பதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆளே அகப்படவில்லை. லுக்குட் டவுனில் வாங்கிய கல்யாணப் புடவை பெட்டி பிரிக்காமல் அலமாரிக்கு மேல் ஏறியது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஆறுதல் ஆரம்பித்தது. ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். வெறுங்கையோடு ஆறுதல் சொல்லக் கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும், ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்தார்கள். இந்தக் கஷ்டம் இன்னும் கொஞ்ச நாள் நீடித்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"அழாதம்மா, இதவிட நல்ல எடமா ஆண்டவர் வச்சிருப்பாரு" என்பார்கள். சொன்ன வாய் மூடுவதற்குள், "ஏம்மா, முன்னாடியே ஒங்கிட்ட ஏதும் சொல்லலயா அந்த மாப்ள?" என்று கிட்டே நகர்ந்து உட்காருவார்கள். வெளியே குழாயடியில் வேறு பேச்சு. "பொண்ணுகிட்டதான் என்னமோ இருக்குலா. இல்லாட்டி ஏன் விட்டுட்டு ஓடுறான்?" அது எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நன்றாகக் கேட்கும்.

போதகர் வராத நாட்களில் சபையைப் பார்த்துக்கொண்ட எங்கள் உபதேசியார் நல்லவர், ஆனால் ஜெபிக்க ஆரம்பித்தால் எதையும் விட்டுவைக்க மாட்டார். ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார், மற்ற நாட்களில் அதை அவ்வளவாக நம்ப மாட்டார். மாப்பிள்ளையின் பேர், வேலை செய்த இடம், ஓலை வாசித்த ஞாயிறுகள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொல்லி, "கைவிடப்பட்டு, வெட்கப்பட்டு, தலைகுனிந்து நிற்கிற இந்த மகளை" என்று உரத்த குரலில் மன்றாடுவார். லயத்துச் சுவர் பலகைச் சுவர். அவர் குரல் எழும்பியதும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் குறையும். கண்ணை மூடாமல் ஜெபிப்பது என் வழக்கம் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும். 'வெட்கப்பட்டு' என்ற வார்த்தை வரும்போது அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். ஆமென் சொன்ன பிறகும் வர மாட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் சமையலறையிலேயே குடியேறிவிட்டாள். வேலைக்குப் போவதை நிறுத்தினாள், கோயிலுக்கும் வருவதில்லை. குழாயடிக்குக்கூட அம்மாதான் போனாள். அத்தை சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு எங்கோ பார்ப்பாள். ஆயாக் கொட்டகைக்கு வேறு ஆள் பார்க்கப் போவதாகத் தோட்ட ஆபீஸ் கிராணி சொல்லி அனுப்பினார். ஒரு நாள் அம்மா அப்பாவிடம், "இப்புடியே உள்ளுக்குள்ளயே கெடந்தா இவ நமக்கு மிஞ்ச மாட்டா, பாத்துக்குங்க" என்றாள். அப்பா மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து கோபம். மேட்டு லயத்தார் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

எடுத்தது நான்தான். அந்த ஞாயிறு ஆராதனை முடிவில் உபதேசியார் அறிவிப்பு சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்காமல், "வெள்ளிக்கெழம கூட்டம் மேட்டு லயத்துல" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்ததுக்குத் தாவினார். முறை என்று ஒன்று இருக்கிறதே, அவரால் மாற்ற முடியவில்லை. கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த மேட்டு லயத்து அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பக்கத்தில் யாரும் உட்காராமல் போய் வெகு நாளாகியிருந்தது. எனக்கு மாங்காய்தான் ஞாபகம் வந்தது. மத்தியானம் சாப்பிடும்போது, "இந்த வெள்ளிக்கெழம மேட்டு லயத்துலயாம்பா" என்று வாய் நிறையச் சொன்னேன்.

"அங்க எவன் போவான்?" என்றார் அப்பா. அம்மா என் தொடையில் கிள்ளினாள். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

வெள்ளிக்கிழமை வந்தபோது தோட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கெல்லாம் ஏதேதோ வந்துவிட்டது. ஒரு வீட்டில் தலைவலி, ஒரு வீட்டில் விருந்தாளி. உபதேசியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அப்பா மோட்டாருக்கு டயர் மாற்ற வேண்டும் என்று லுக்குட்டுக்குக் கிளம்பிப் போனார். நான் மட்டும் கடலை போச்சே என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அத்தை வெளியே வந்தாள். குளித்துத் தலைவாரி, வெளுத்த நீலப் புடவை கட்டியிருந்தாள். கையில் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் இருந்தன.

"வரியா?" என்றாள்.

"எங்கத்த?"

"கடல திங்கத்தான். வா."

அம்மா கதவோரம் நின்று பார்த்தாள். தடுக்கவில்லை. "அவரு வந்து கேட்டா நான் என்னாத்த சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

"ஜெபத்துக்குப் போயிருக்கேன்னு சொல்லுங்க அண்ணி."

நாங்கள் முன் பாதையில் போகவில்லை. லயத்துக்குப் பின்னால் செம்பனை மரங்களுக்கு நடுவே, வெட்டிப் போட்ட மட்டைகளைத் தாண்டித் தாண்டிப் போனோம். என் காலில் முள் கீறியது. நல்ல பாதை இருக்கும்போது எதற்கு இப்படி என்று நான் சலித்துக்கொண்டேன். அத்தை முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

மேட்டு லயத்து அம்மாவின் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. சுவர் முதல் சுவர் வரை பாய் விரித்து, ஊர் திரண்டு வந்தாலும் போதும் என்கிற அளவுக்குக் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். பெரிய அலுமினியப் பானை நிறையக் கடலை. அந்த அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீயாம்மா வந்த?" என்றார். "நீயா?"

"ஒங்க மொறைல்ல இன்னிக்கு" என்றாள் அத்தை.

"என் வயித்துல பொறந்தவன் ஒன்ன இப்புடிப் பண்ணிட்டானே. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் ஒன்னப் பாக்குறது?"

அத்தை அவரை உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ரொம்ப நேரமாகத் தோன்றியது. பாட்டு இல்லை, வசனம் இல்லை. வேதாகமம் மூடினபடி பாயில் கிடந்தது. ஜெபத்துக்கு முன்னால் கடலையைத் தொடக் கூடாது என்பதால் நான் பானையையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வழியாக அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, எங்க ரெண்டு பேருக்கும் வெளிய தல காட்ட வெக்கமா இருக்கு. நீங்க கூட வாங்க. ஆமென்."

அவ்வளவுதான். உபதேசியார் தொண்டையைச் செருமுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இதெல்லாம் ஒரு ஜெபமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தாலும் ஆமென் ஆமென்தானே என்று கிண்ணத்தை நீட்டினேன். நான் இரண்டாவது கிண்ணத்தில் இருக்கும்போது அத்தை பானையை எட்டிப் பார்த்தாள். பானை குறைந்த மாதிரியே தெரியவில்லை.

"மிச்சத்த வராத வீட்டுக்கெல்லாம் குடுக்கணும்ல?" என்றாள்.

மேட்டு லயத்து அம்மா பயந்துபோனார். "வேணாம்மா. நான் போயி நின்னா வாங்க மாட்டாங்க."

"ஜெபம் பண்ணின கடல. எப்புடி வேணாம்பாங்க?"

திரும்பும்போது முன் பாதையில் வந்தோம். வெயில் தாழ்ந்து, எல்லாரும் வாசலில் இருக்கும் நேரம். மேட்டு லயத்து அம்மா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க, அத்தை ஒரு கையில் கரண்டியும் மறு கையில் என் மணிக்கட்டுமாக நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "அக்கா, மேட்டு லயத்துக் கூட்டத்துக் கடல" என்றாள். குழாயடியில் பேச்சு நின்றது. தலைவலி என்றவர்களும் விருந்தாளி என்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார்கள். நீட்டாமல் என்ன செய்வார்கள்? அத்தை ஒரு சொல் குத்தலாகப் பேசவில்லை. "மாங்கா போட்டிருக்கு, நல்லாருக்கும்" என்று கரண்டியைச் சாய்த்தாள், அவ்வளவுதான்.

உபதேசியார் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் அவருக்குப் பழக்க தோஷத்தில் கண் மூடிக்கொண்டது. "ஆண்டவரே, இந்த மகளை..." என்று தொடங்கினார்.

"ஜெபம் முடிஞ்சிருச்சுங்க ஐயா" என்றாள் அத்தை. "நீங்க சாப்புடுங்க."

அவர் கண்ணைத் திறந்தார். கடலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மெல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. மிளகாய் காரம் என்று நான் நினைத்தேன்.

கடைசி வீடு எங்களுடையது. அப்பா திரும்பி வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேட்டு லயத்து அம்மா நின்றுவிட்டார், பானை இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தது. "அண்ணே, கடல" என்றாள் அத்தை. அவள் குரல் அங்கே மட்டும்தான் உடைந்தது. அப்பா தங்கையின் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வெளிச்சத்தில் பார்க்கிறார். எழுந்து, கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, சண்டை போடுகிற தொனியில், "அந்தம்மாவுக்கு டீ போட்டுக் குடு, நின்னுக்கிட்டே இருக்காங்க" என்றார். தன் நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

அத்தை அடுத்த வாரமே ஆயாக் கொட்டகைக்குப் போனாள். குழாயடிப் பேச்சு நிற்கவில்லைதான், ஆனால் அவள் குடத்தோடு வந்தால் வழி விட்டார்கள்.

அன்று எல்லாரும் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் அம்மாவிடம் போய் மணிக்கட்டைக் காட்டி அழுதேன். அத்தையின் விரல்கள் பதிந்து நாலு வரி சிவந்திருந்தது. ஒவ்வொரு வாசலுக்கும் அந்தப் பிடி இறுகிக்கொண்டே வந்திருந்தது. "நான் கடலய அள்ளிக்கிட்டு ஓடிருவேன்னு அத்தை பிடிச்சிக்கிட்டே வந்தாங்கம்மா. நான் ஓடவே இல்ல" என்றேன். அம்மா என் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அத்தை என்னை நம்பவில்லையே என்று எனக்கு வெகு நாள் வருத்தம் இருந்தது. அந்தப் பாதை முழுக்க என்னைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.