தவிட்டுக்கு வாங்கிய மகள்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசம் என் வயிறு திறக்கவில்லை. எம்.ரெட்டியபட்டியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. பிள்ளை இல்லாத குறை ஒன்றுதான். திருச்சுழியில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சிக்கு மூன்று பிள்ளைகள். 1996ஆம் வருசம் மதுரை டாக்டரம்மா, என் கருமுட்டை சரியில்லை, கூடப்பிறந்தவள் கொடுத்தால் நானே சுமந்து பெறலாம் என்றார்.

போய்க் கேட்டேன். பருத்திமாரை அடுப்பில் திணித்துக்கொண்டிருந்தவள் வெடித்துவிட்டாள். "சின்னதுல ஒன் பழைய பாவாடையத்தான் எனக்குக் குடுத்தாக. இப்ப என் உடம்புக்குள்ள இருக்கறதையும் கேக்க வந்துட்டயாக்கும்?"

"மூணு பெத்த திமிருடி ஒனக்கு!" என்று வந்துவிட்டேன். பேச்சு நின்றது. பிள்ளையும் இல்லை, கூடப்பிறந்தவளும் இல்லை. சோறு இறங்கவில்லை.

வெள்ளிதோறும் மாரியாத்தாவிடம் பிள்ளை வரம் கேட்டவள், ஒரு ஆடி வெள்ளியில் வேறு மாதிரி அழுதேன். "ஆத்தா, பிள்ளை கெடக்கட்டும். என் தங்கச்சிய என்கூடப் பேச வையி."

அடுத்த வாரமே புருசனோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். "கெளம்புக்கா மதுரைக்கு. ஊசின்னா எனக்குப் பயம். கையப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், ஆமா."

"கூட்டிட்டுப் போங்க மதினி. ஒங்ககிட்ட வரணும்னு ரெண்டு நாளா வீட்டுல சோறு பொங்கல" என்று அவள் வீட்டுக்காரர் சிரித்தார்.

அவள் கொடுத்தாள். ஆத்தா கருவைத் தங்க வைத்தாள். பெண் பிறந்தது.

ஆனால் என் பயந்த புத்தி போகவில்லை. பிள்ளைக்குத் தங்கச்சி மூக்கு. அவள் தூக்கினாலே, 'எனக்குத்தான் சொந்தம்' என்று சொல்லிவிடுவாளோ என்று பதறுவேன். யாரிடம் சொல்ல? ஆத்தாவிடம் மட்டும் சொன்னேன்.

பிள்ளைக்கு முடியிறக்கும் அன்று தங்கச்சி ஒரு நார்ப்பெட்டி நிறையத் தவிட்டோடு கோயிலுக்கு வந்தாள். எங்கள் பக்கம் பிள்ளை தங்காத வீட்டில், பெற்றவளிடம் தவிடு கொடுத்து இன்னொருத்தி பிள்ளையை வாங்குவாள். வாங்கினவளுக்கே பிள்ளை என்று சாமி முன்னால் ஆகிவிடும்.

பெட்டியை என் கையில் கொடுத்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு முந்தானையை விரித்தாள். "தவிட்டப் போடுக்கா. ஆத்தா பாக்க வித்துட்டேன். இனிமே நானே கேட்டாலும் குடுக்காத."

முந்தானையில் போட்டேன். பிள்ளையை என்னிடம் நீட்டினாள். தவிட்டைக் கிளறிப் பார்த்து, "கல்லு கெடந்துச்சு, பிள்ளையத் திருப்பி வாங்கிருவேன்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் கேவிக் கேவி அழுதேன். என் பயத்தை அவளிடம் நான் சொன்னதே இல்லையே!

இப்போது என் மகள் நடக்கிறாள். சித்தியைக் கண்டால் என்னை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சந்தோசமாக விட்டுவிடுகிறேன்.

தாய்மார்களே, வரத்தை மட்டும் கேட்காதீர்கள். வெளியே சொல்ல வெட்கப்படுவதையும் ஆத்தாவிடம் இறக்கி வையுங்கள். அதற்கான பதிலை யார் கையில் கொடுத்தனுப்புவது என்று அவளுக்குத் தெரியும்.