1234567890ஐப் பார்க்கப் போன சனிக்கிழமை

கணினி நாட்களை எண்ணுவதில்லை, வினாடிகளைத்தான் எண்ணுகிறது என்று படித்த நாளிலிருந்து எனக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிட்டது. 1970 ஜனவரி முதலாம் திகதி கிரீன்விச் நள்ளிரவில் பூச்சியத்தில் தொடங்கி அது நிற்காமல் எண்ணிக்கொண்டிருக்கிறது. பேர்ல் என்ற நிரல்மொழியில் ஒரு வரி எழுதினால் திகதி வினாடியாகும். இன்னொரு வரியில் வினாடி திகதியாகும். நாவுலவில் நான் படிப்பித்த பாடசாலையில் ஒரு கணினி இருந்தது. இடைவேளைகளில் என் நாட்குறிப்புகளை அதில் கொட்டினேன். எங்கள் கல்யாணம் ஒன்பது இலக்கம். மகளின் முதல் பல்லும் ஒன்பது இலக்கம். ஊரடங்குகளும் அப்படியே.

ஒரு நாள் விளையாட்டாக 1234567890 என்று தட்டினேன். 2009 பெப்ரவரி 14, சனிக்கிழமை, காலை 5 மணி 1 நிமிடம் 30 வினாடி என்றது. இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. ஊரடங்கு, கலவரம் என்று என் நாட்குறிப்பின் பெரிய திகதிகள் எல்லாம் யாரோ எங்கள் தலையில் போட்டவை. இது யாரும் போடாதது. அந்த எண் திரையில் விழுவதை என் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பாடசாலை பூட்டு. ஆகவே மாத்தளையில் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நடையில் இருந்த கம்யூனிகேஷன் கடை முதலாளியிடம் கேட்டேன். தொலைபேசியும் போட்டோ கொப்பியும் ஒரு கணினியும் வைத்திருந்த முஸ்லிம் நண்பர் அவர்.

"நான் சுபஹுத் தொழுகைக்கு எழும்புற ஆள்தானே மாஸ்டர், திறந்து வைக்கிறேன். என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது நானா. ஒரு நம்பர் வரும்."

"வந்துட்டு?"

"போயிடும்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப பயமில்ல," என்றார்.

என் மனைவியும் கூட வந்தாள். "ஒண்ணுமே நடக்காததப் பாக்க விடியக் காலையில தனியாப் போறேன்னா யாருங்க நம்புவாங்க?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

யுத்தம் இன்னும் முடியாத காலம். பாதி வழியில் சோதனைச் சாவடி. பொலிஸ்காரர் அடையாள அட்டைகளைப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையில் இருந்த தாளை எடுத்து விரித்தார். அப்போதுதான் அந்தத் தாளை நானும் ஒரு பொலிஸ்காரரின் கண்ணால் பார்த்தேன். எண்ணுக்கு மிச்சமிருக்கும் வினாடிகள் 1800, 900, 600, 60, 10 என்று இறங்கி, கடைசியில் பூச்சியம். அதன் பக்கத்தில் 5.01.30, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு.

"ஐந்து ஒன்று முப்பதுக்கு என்ன நடக்கப் போகுது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒன்றும் நடக்காது, ராளாமி," என்றேன் நானும் சிங்களத்தில், பொலிஸ்காரரை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு.

"ஒன்றும் நடக்காததுக்கு ஏன் வட்டம்?"

கிரீன்விச் நள்ளிரவிலிருந்து விளக்கத் தொடங்கினேன். மனைவி இடையில் புகுந்தாள். "ராளாமி, இவர் கல்யாணத்தன்றும் தாலி கட்டுறதுக்கு முதல் மணிக்கூட்டைத்தான் பார்த்தார்."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் ஒரு முடிவுக்கு வந்தார். 5.01.30 வரை நாங்கள் இருவரும் அங்கேயே நிற்க வேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால் போகலாம். சொல்லிவிட்டு மண்மூட்டைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

எண்ணைத் திரையில் பார்க்கும் வாய்ப்புத் தவறிவிட்டது, அது நிச்சயம். இனி உலகம் அந்த வினாடியில் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தம்புள்ளைக்குப் போகும் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு டயர் வெடித்தால் நான் தொலைந்தேன். ஒரு லொறி இருமிக்கொண்டே எங்களை நெருங்கியது. மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை குலுங்கியது. பயத்தில் என்று நினைத்துத் திரும்பினால், சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் தொற்றியது. வானொலிச் சமிக்ஞைக்குச் சரிபார்த்த என் கடிகாரத்தில் முப்பதாவது வினாடி வந்தது, போனது. லொறியும் போனது.

"முடிஞ்சுது, ராளாமி."

"என் மணிக்கூட்டில் இன்னும் ஐந்து மணியே ஆகவில்லை," என்றார் அவர்.

அவருடைய 5.01.30க்கும் காத்திருந்தோம். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. தாளைத் திருப்பித் தந்தபோது அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் இருந்தது.

கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். முதலாளி தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சும்மா தவறிய தூரத்தையாவது பார்ப்போம் என்று உட்கார்ந்து, வினாடியைக் கேட்கும் ஒரு வரியைத் தட்டினேன். திரையின் மூலையில் நேரம் சரியாக 5.17. விழுந்த எண் 1234567020.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எண் இன்னும் வரவே இல்லை. பதினாலரை நிமிடம் மிச்சம் இருந்தது.

சரியாக அரைமணித்தியால வித்தியாசம் என்று கணக்குப் போட்டதும் விளங்கியது. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக நாட்டின் கடிகாரங்களை முன்னுக்குத் தள்ளினார்கள். பத்து வருடம் அரைமணி முந்தியே வாழ்ந்துவிட்டு 2006 சித்திரையில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அன்று முதலாளி கணினியின் மணியை மட்டும் அரைமணி பின்னுக்கு வைத்திருக்கிறார். நாடு நேரத்தை மாற்றிய சங்கதி அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அது இன்னும் இலங்கை கிரீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முந்தி இருப்பதாக நம்பி, ஐந்தரைக்குப் பதிலாக ஆறைக் கழித்து எண்ணிக்கொண்டிருந்தது.

திருத்த ஒரு நிமிடம் போதும். திருத்தினால் எண் போய்விடும். தவறான திகதியைக் கண்டால் சும்மா விட்டதில்லை நான். விரல்கள் விசைப்பலகைக்குப் போய்விட்டன.

"கை வச்சீங்கன்னா பாருங்க," என்றாள் மனைவி.

"ஆனா இது பிழை. உண்மையான நேரம் எப்பவோ போயிடுச்சு."

"உண்மையானதுக்குத்தான் ராளாமி பக்கத்துல நின்னோமே. இதையாவது ஒக்காந்து பாப்போம்."

நான் கையை எடுத்தேன். வினாடிக்கொரு முறை எண்ணைக் காட்டும்படி இரண்டு வரி எழுதி ஓடவிட்டேன். தொழுதுவிட்டுத் திரும்பிய முதலாளி, "என்ன மாஸ்டர், முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல நானா, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. ஒங்க கடையில மட்டும்," என்றாள் மனைவி.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசிப் பத்து வினாடிகளை மனைவி உரக்க வாசித்தாள். இரண்டாவதிலேயே முதலாளியும் சேர்ந்துகொண்டார். 1234567890 வந்தது. ஒரு வினாடி அப்படியே நின்றது. பிறகு 891. மூவரும் கைதட்டினோம், தெருவில் பால் கொண்டு போனவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மாலை நாட்குறிப்பில் 5.01.30 என்று எழுதி, ‘வந்த நேரம்’ என்று குறித்தேன். கீழே 5.31.30, ‘பார்த்த நேரம்’. ஒன்று பிழை என்று தெரிந்தே ஒரே எண்ணுக்கு இரண்டு நேரம் நான் எழுதியது அதுதான் முதல் தடவை. மனைவி பேனாவை வாங்கி, பக்கத்திலேயே சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.