ஆல்முட் டீச்சரின் எழுந்து உட்காரும் வகுப்பு

பணி ஓய்வு பெறும் ஆல்முட் ரெங்கர் டீச்சருக்கு வழியனுப்பு விழா என்றதும் ஊரில் பாதி சங்கக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. வெண்ணெய்க் கேக்குக்காக வந்தவர்களும் உண்டு, அதை மறைப்பானேன். டீச்சர் முதல் வரிசையில், கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மனசில் இல்லை.

"அந்தக் குதியாட்டமெல்லாம் எந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கப் போகுது?" என்று தலைமையாசிரியர் ஓட்டன்ஸ் என்றோ சொன்னது இன்னும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று தெரியாமலே வீட்டுக்குப் போகிறோமே என்பதுதான் டீச்சரின் வருத்தம்.

அந்தக் குதியாட்டம் பிறந்தது உலகப் போர் முடிந்த இரண்டாவது குளிர்காலத்தில். எப்பேர்ப்பட்ட குளிர் அது! பிள்ளைகள் ஆளுக்கொரு கரிக்கட்டியைக் கொண்டுவந்தால்தான் வகுப்பில் அடுப்பு எரியும். வீட்டிலேயே இல்லாத கரியைப் பிள்ளைகள் எங்கே போய்க் கொண்டுவரும்? கோட்டைக் கழற்றாமல், விரல் விறைத்து, சிலேட்டுப் பலகையில் கோடு இழுக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருக்கும். டீச்சருக்கு அப்போது சின்ன வயது. பெரிய எழுத்துப் பாடம் நடத்தியாக வேண்டும். ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல் எதுவானாலும் முதல் எழுத்தைப் பெரிதாகத்தான் எழுத வேண்டும். ராஜாவுக்கும் அதே மரியாதை, ரொட்டிக்கும் அதே மரியாதை.

"பலகையை ஓரமா வைங்க. நான் வாசிக்கிறேன். பெரிய எழுத்து வந்தா எந்திரிங்க, சின்ன எழுத்து வந்தா உக்காருங்க" என்றார் டீச்சர்.

நாய் என்றார், எழுந்தார்கள். குரைத்தது என்றார், உட்கார்ந்தார்கள். பெஞ்சு தடதடத்தது, கன்னங்கள் சிவந்தன, பத்து நிமிடத்தில் வகுப்பே சூடாகிவிட்டது. ஒருநாள் வேண்டுமென்றே கடினமாக ஒன்று கொடுத்தார். பசி. கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் முடியாததுக்கும் பெயர் உண்டு என்று ஏழு வயசுப் பிள்ளைக்குப் புரிய மாதக்கணக்காகும். அன்றைக்கு ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எழுந்து நின்றது.

டீச்சருக்கு ஆச்சரியம். "இதைத் தொட முடியாதே, எப்படிடா தெரிஞ்சுது?"

"வயித்துக்குள்ள இருக்கே டீச்சர்" என்றான் ஈகோன் புஷே.

டீச்சர் அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். ஈகோன் பின்னாளில் இறைச்சிக்கடை வைத்து, அந்தப் பசிக்கெல்லாம் சேர்த்துத் தின்று மலைபோல் ஆனான்.

குளிர் போயிற்று, கரிப் பஞ்சம் போயிற்று, பழக்கம் மட்டும் போகவில்லை. பெஞ்சுத் தடதடப்பு சந்தைத் திடல்வரை கேட்கும். "ஆல்முட் டீச்சர் டிக்டேஷன் ஆரம்பிச்சுட்டாங்க" என்று ரொட்டிக்கடைக்காரி கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வாள். அந்தச் சத்தம் இல்லாத காலை ஒரு காலையா என்று இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

பிறகு ஓட்டன்ஸ் வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவருடைய அறை டீச்சர் வகுப்புக்கு நேர் கீழே இருந்தது. விளக்கு ஊசலாடும், கூரைச் சுண்ணாம்பு காப்பியில் விழும். எத்தனை நாள் பொறுப்பார்?

"டீச்சர், இது குளிருக்குப் பண்ணினது. இப்பத்தான் ஹீட்டர் வந்துடுச்சே. பிள்ளைங்களைப் புத்தகத்தைப் பார்த்து எழுத வைங்க" என்றார்.

"இப்படிச் சொல்லிக்கொடுத்தா மறக்கவே மாட்டாங்க சார்" என்றார் டீச்சர்.

அதற்கு வந்த பதில்தான் அந்த முள். மறுநாளிலிருந்து பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து எழுதினார்கள். வாசிக்கும்போது மேசைக்கு அடியில் டீச்சரின் குதிகால் மட்டும் பெரிய எழுத்துக்கெல்லாம் தானாக எழும்பி இறங்கும்.

விழாவில் மேயர் காகிதத்தை விரித்தார். அவர் வேறு ஊரில் படித்தவர். எழுதி வந்ததை நிறுத்தி நிறுத்தி வாசிப்பது அவர் வழக்கம்.

"நம் ஊர்..." என்றார்.

மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ஈகோன் எழுந்து நின்றிருந்தான். ஏன் எழுந்தோம் என்று அவனுக்கே புரியவில்லை. மேயர் அடுத்த சொல்லுக்குப் போனதும் உட்கார்ந்தான். "பள்ளி" என்றதும் ஈகோனோடு தபால் நிலைய ஃப்ரௌகேயும் எழுந்தாள். "கடமை" வந்தபோது பாதி மண்டபம் எழுந்தது. அரசியல்வாதி பேச்சில் பெயர்ச்சொல்லுக்குப் பஞ்சமா? உழைப்பு, நன்றி, எதிர்காலம் என்று அவர் அடுக்க அடுக்க, தொப்பையும் மூட்டுவலியும் உள்ளவர்களெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். ஹீட்டர் காலத்துப் பிள்ளைகள் கேக்கை வாயில் வைத்தபடி வேடிக்கை பார்த்தார்கள். ஓட்டன்ஸ் பழக்கதோஷத்தில் விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன, எங்கேயாவது தீப்பிடிச்சிருச்சா?" என்று மேயர் பதறினார்.

"நீங்க வாசிங்க, மேயரே! நாங்க டிக்டேஷன்ல இருக்கோம்" என்றான் ஈகோன்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். கரி இல்லாத அந்தக் குளிர்காலத்துப் பிள்ளைகள், நரைத்த தலையோடு, கன்னம் சிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் மறக்கவில்லை.

மேயர் கடைசி வரிக்கு வந்தார். "ஆல்முட் ரெங்கர்" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். அடுத்த சொல் வந்தது. ஒரு நாற்காலிகூடச் சத்தம் போடவில்லை.

டீச்சரால் சும்மா இருக்க முடியுமா? "அது சின்ன எழுத்து. உக்காருங்க!" என்றார்.

யாரும் உட்காரவில்லை.

"ஏன்டா ஈகோன், காது கேக்கலையா?"

"கேக்குது டீச்சர். இன்னிக்கு மட்டும் தப்பா எழுதிக்கிறோம்."